இறுதியாட்டத்தை எங்கே பார்ப்பது: பாரா, மாமாக் கடையா, வீடா?

காற்பந்து இறுதியாட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வந்துவிடும்: "எங்க பாக்கலாம்?" கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. பங்சாரிலும் சங்காட் புக்கிட் பிந்தாங்கிலும் பார்கள் மேசைக்கு முன்பணம் வாங்கத் தொடங்கியிருக்கும். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் வெள்ளைத் திரையை இழுத்துக் கட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குழுவில் ஒருவர் புதிதாக டிவி வாங்கியிருப்பார். "என் வீட்டுக்கே வாங்களேன்" என்பார். ஐம்பது செய்தி ஓடிய பிறகும் முடிவு வராது. ஒருவர் பீர் விலையைப் பேசுவார், ஒருவர் திரையின் அளவைப் பேசுவார், இன்னொருவர் காடியை எங்கே நிறுத்துவது என்று கவலைப்படுவார். ஆளுக்கொரு கேள்வி, அதனால் ஆளுக்கொரு பதில்.

நான் முதலில் பார்ப்பது ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதை. அடுத்து யார் யார் வருகிறார்கள் என்பதை. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் இடம் பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும். விலையெல்லாம் அதற்கு அப்புறம்.

நம் ஊருக்கு வரும் பெரிய இறுதியாட்டங்கள் இரண்டு வகை. 2018-இல் மாஸ்கோவிலும் 2022-இல் கத்தாரின் லுசாயிலிலும் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டங்கள் நமக்கு ஞாயிறு இரவு 11 மணிக்கு வந்தன. 2014-இல் ரியோவில் ஜெர்மனி வென்றதும், 2024-இல் பெர்லினில் ஸ்பெயின் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றதும் திங்கள் விடியற்காலை 3 மணி ஆட்டங்கள். 2026 உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்குக் குறித்த நேரம் நியூ ஜெர்சியில் ஜூலை 19 பிற்பகல் 3 மணி. நமக்கு அது ஜூலை 20 திங்கள் விடியற்காலை 3 மணி. ஆட்டம் ஒன்றேதான் என்றாலும் 11 மணிக்கு உட்காருகிற உடம்பும் 3 மணிக்கு உட்காருகிற உடம்பும் ஒன்றல்ல.

11 மணி ஆட்டம் என்றால் பாருக்கே போகலாம் என்பேன். காரணம் பீர் அல்ல. முன்பின் தெரியாத நூறு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும் இடம் நம் ஊரில் அரங்கத்துக்கு அடுத்து அதுதான். 2022 இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். 80-ஆவது நிமிடம் வரை அர்ஜென்டினா 2-0. நான் இருந்த இடத்தில் நீல வெள்ளைச் சட்டைக்காரர்கள் அடுத்த பீர் பக்கெட்டுக்குச் சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்திருந்தார்கள். பிரான்சு சட்டை போட்டிருந்த மூன்று பேர் மூலையில் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் எம்பாப்பே ஒன்றரை நிமிட இடைவெளியில் இரண்டு கோல் போட்டார். அந்த மூன்று பேரும் நாற்காலி மேல். பாட்டு நின்றே போனது. இதை வீட்டு சோபாவில் பார்த்தாலும் கோல் அதே கோல்தான். ஆனால் எதிர்த்தரப்பின் முகம் பக்கத்து மேசையிலேயே இருப்பது பாரில் மட்டும்தான் கிடைக்கும்.

கிடைக்கும் என்றேனே தவிர, எல்லாப் பாரிலும் கிடைக்கும் என்று சொல்லவில்லை. மேசை போடும் முன்பு தொலைபேசியில் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ஆட்டம் முழுக்க வர்ணனை ஒலி வைப்பார்களா? சில இடங்களில் படம் ஒரு பக்கம் ஓடும், டிஜே ஒரு பக்கம் ஓடுவார். நடுவர் எதற்கு விசில் ஊதினார் என்றே தெரியாது. நமக்குத் தரும் மேசையிலிருந்து எந்தத் திரை தெரியும்? "எல்லா மேசையிலிருந்தும் தெரியும் பாஸ்" என்றால் நம்பாதீர்கள், முந்தின நாள் ஒரு நடை போய்த் தூண் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கூடுதல் நேரமும் பெனால்டியும் வந்தால் கடை திறந்திருக்குமா? உரிமம் கடைக்குக் கடை வேறு. 2022-இல் அர்ஜென்டினாவின் மொண்டியேல் கடைசிப் பெனால்டியை அடித்தபோது இங்கே ஏறக்குறைய இரண்டு மணி.

இன்னொரு கேள்வி பலருக்குத் தோன்றாது: படம் டிஷ் வழியாக வருகிறதா, இணையம் வழியாகவா? இணைய ஒளிபரப்பு செயற்கைக்கோளைவிடப் பின்தங்கி வரும். அரை நிமிடம்கூடப் பிந்தலாம். நான் சொன்ன அதே இரவில், நாங்கள் இருந்த பாரில் படம் இணையத்தில் ஓடியது, பக்கத்துக் கடையில் டிஷ். எம்பாப்பேயின் இரண்டாவது கோலுக்குப் பக்கத்துக் கடை அலறியபோது எங்கள் திரையில் பந்து நடுக்களத்தில் இருந்தது. கூடுதல் நேரம் முழுக்க நாங்கள் திரையைப் பார்க்கவில்லை, பக்கத்துக் கடைக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். கடைகள் ஒட்டி ஒட்டி இருக்கும் தெருவில் இது பெரிய விஷயம். தனியாக நிற்கும் கடையானால் கவலையில்லை.

சரி, செலவு. மலேசியாவில் பீருக்கு வரி அதிகம், பங்சார் மாதிரி இடத்தில் வாடகையும் அதிகம். இரண்டும் சேர்ந்து கோப்பையில்தான் வந்து விழும். பட்டியலில் இருக்கும் விலையோடு சேவைக் கட்டணம் 10 விழுக்காடும் சேவை வரி 6 விழுக்காடும் சேரும் இடங்களே பெரும்பாலும். ஆக, நூறு வெள்ளி (ரிங்கிட்) என்று நினைத்தது நூற்றுப் பதினாறுக்குக் குறையாது. இறுதியாட்ட இரவில் மேசைக்கு இவ்வளவாவது செலவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். அதில் தவறில்லை, ஆனால் ஆறு பேருக்கு மேசை போட்டு நான்கு பேர் வந்தால் அந்த நால்வர் தலையில்தான் விழும். முன்பணத்தை ஆளாளுக்கு முன்கூட்டியே வாங்கிவிடுகிற ஒரு நண்பர் குழுவில் இருப்பார். அவரை எல்லாரும் கஞ்சன் என்பார்கள், அவர் இல்லாமல் எந்த மேசையும் கிடைத்ததில்லை.

ஒரு சின்ன உபாயம்: இரண்டாம் சுற்றுக்கு 40-ஆவது நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். இடைவேளை 15 நிமிடம்தான், அந்தப் பதினைந்து நிமிடமும் கழிப்பறை வரிசையிலேயே போய்விடும். அதேபோல் 85-ஆவது நிமிடத்தில் பில்லைக் கட்டிவிட்டால், பெனால்டி நேரத்தில் பணியாளர் வந்து திரையை மறைத்துக்கொண்டு கார்டு இயந்திரத்தை நீட்ட மாட்டார்.

பாருக்கும் மாமாக் கடைக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: சீனர் காப்பிக்கடை. பெரிய பாட்டில் பீர், பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் இரண்டு டிவி. விலை பாரைவிட மிகவும் குறைவு, மேசைக்கு நிபந்தனை எதுவும் இல்லை. ஆனால் நிறையக் கடைகள் நள்ளிரவுக்கு முன்பே நாற்காலிகளை மேசை மேல் ஏற்றிவிடும். எட்டு, ஒன்பது மணி ஆட்டத்துக்கு நல்ல இடம். இறுதியாட்டத்துக்கு, கடைக்காரரே காற்பந்துப் பைத்தியமாக இருந்தால் ஒழியச் சரிப்படாது.

3 மணி ஆட்டத்துக்கு வருவோம். அந்த நேரத்துக்குப் பார் வேண்டாம் என்பதே என் கட்சி. மூன்று மணி வரை விழித்திருக்க வேண்டும் என்பதற்காகவே பத்து மணியிலிருந்து குடித்தவர்கள், ஆட்டம் தொடங்கும்போது தேசிய கீதத்துக்கே தலை சாய்த்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பெர்லின் ஆட்டத்தில் இங்கிலாந்தின் பால்மர் 73-ஆவது நிமிடத்தில் சமன் செய்ததும் ஒயர்சபால் 86-இல் ஸ்பெயினுக்கு வெற்றியைப் பறித்துக் கொடுத்ததும் இங்கே நான்கரை மணிக்கு மேல். அந்த நேரத்துக்கு விழிப்பாக இருக்க வேண்டுமானால் கையில் இருக்க வேண்டியது தே தாரிக், நம் ஆற்றிய பால் தேநீர்.

விடிய விடிய திறந்திருக்கும் மாமாக் கடைகளுக்கு 3 மணி ஆட்டம் இரவின் நடுவில் வரும் ஒரு வேலை, அவ்வளவே. இந்தக் கடைகள் புரொஜெக்டரும் திரையும் வாங்கி வைத்ததற்கே காற்பந்துதான் பெரிய காரணம். அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) தொடங்கி வாகன நிறுத்துமிடம் வரை எஃகு மேசைகள் நீண்டிருக்கும். இரண்டரை மணிக்குப் போனால் முன்வரிசையில் பெரியவர்கள் ஏற்கெனவே சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் 2006-இல் சிடான் தலையால் முட்டியதை இதே இடத்தில் பார்த்தவர்கள் என்று பேச்சு கொடுத்தால் தெரியும். ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை வீசிக்கொண்டே திரையைப் பார்ப்பார். கார்னர் என்றால் மாவு கல்லுக்கு வராது. பெனால்டி என்றால் தே தாரிக் ஆற்றுகிறவரின் இரண்டு குவளைகளும் அப்படியே கையில் நிற்கும், அந்த ஐந்து நிமிடத்துக்கு யாருக்கும் எதுவும் வராது. யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

செலவைப் பாருடன் ஒப்பிடுவதே வேடிக்கை. இரண்டு ரொட்டி, ஒரு மேகி கோரெங் (வறுத்த மேகி), இரண்டு மூன்று குவளை தே. இருபது வெள்ளிக்குள் ஓர் ஆள் விடிய விடிய உட்கார்ந்துவிடலாம். அதற்காக ஒரே ஒரு தே ஓ ஐஸை (பால் சேர்க்காத ஐஸ் தேநீரை) வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நான்கு நாற்காலிகளைப் பிடித்து வைக்காதீர்கள். கட்டணத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோவில் வரும் ஆட்டத்தைப் பொது இடத்தில் காட்டக் கடைக்காரர்கள் வணிகச் சந்தா எடுக்க வேண்டும். வீட்டுச் சந்தாப் பெட்டியைக் கடையில் ஓட்டியவர்கள் மீது ஆஸ்ட்ரோ வழக்குப் போட்டதும் உண்டு. திரைக்குப் பின்னால் அந்தச் செலவு இருக்கிறது. பாதி ஆட்டத்துக்கு ஒருமுறை "அண்ணே, தாரிக் ஒண்ணு, குராங் மானிஸ்" (சீனி குறைவாக) என்று குரல் கொடுப்பதுதான் மரியாதை.

குறை இல்லாமல் இல்லை. மழை வந்தால் வெளி மேசைகள் காலி, எல்லாரும் உள்ளே, உள்ளே இருக்கும் சின்ன டிவிக்கு முன்னால் எண்பது பேர். அதைவிட மோசம், கனமழையில் டிஷ் சிக்னலே போய்விடும். நீலத் திரையில் மன்னிப்புச் செய்தியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பாருக்கும் டிஷ் என்றால் இதே கதி, ஆனால் அங்கே கூரையாவது உறுதி. டிசம்பர் இறுதியாட்டத்துக்கு இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஜூலையில் இரவு மழை அவ்வளவு பயமில்லை. புகைபிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2019 தொடங்கி உணவகங்களில் புகைக்கத் தடை, திறந்தவெளி மேசைகளுக்கும் அது பொருந்தும். மூன்று மீட்டர் தள்ளிப் போக வேண்டும். ஆகவே சாலைக்கு அந்தப் பக்கம் நின்று திரையைப் பார்க்கும் ஒரு வரிசை எப்போதும் இருக்கும், பெரும்பாலும் அவர்களுக்குத்தான் நல்ல கோணம்.

யார் வருகிறார்கள் என்ற இரண்டாவது கேள்வி இங்கேதான் வேலை செய்கிறது. நம் நண்பர் கூட்டங்கள் பலவற்றில் ஓர் அஸ்லானும் ஒரு வெய் மிங்கும் ஒரு கணேசனும் இருப்பார்கள். அஸ்லான் குடிக்கமாட்டார் என்பது மட்டுமில்லை. பாரில் உட்கார்ந்திருப்பதே அவருக்குச் சங்கடமாக இருக்கலாம். "நீ கோக் குடி மச்சான்" என்று சொல்வது அவருக்கு வழி செய்து கொடுத்ததாக ஆகாது. இந்த மாதிரிக் கூட்டத்துக்கு ஆட்டம் எத்தனை மணியானாலும் மாமாக் கடைதான். கணேசன் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார், கோழிக்குழம்பு இருக்கிறது. வெய் மிங்குக்குப் பீர் இல்லாத குறை ஓர் இரவுக்குத் தாங்கும். அவர் தாங்கமாட்டேன் என்றால் ஆட்டத்துக்கு முன்பு போய்க் குடித்துவிட்டு வரட்டும்.

பெண்கள் வருகிறார்களா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மாமாக் கடையில் 3 மணி ஆட்டத்துக்குக் கூட்டம் பெரும்பாலும் ஆண்கள்தான். யாரும் தொந்தரவு செய்வார்கள் என்று சொல்ல வரவில்லை; ஆனால் கழிப்பறை வசதி, தனியாகக் காடி வரை நடப்பது, பக்கத்து மேசையின் பேச்சு, இவையெல்லாம் ஆண்கள் யோசிக்காமல் விடுபவை. எங்கள் குழுவில் பெண்கள் இருந்தால் இடத்தை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லிவிடுவோம். அவர்கள் சொன்ன இடம் இதுவரை சோடை போனதில்லை.

வீடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2021 ஜூலையில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம், இத்தாலியும் இங்கிலாந்தும், நடமாட்டக் கட்டுப்பாட்டில் கடைகளில் உட்கார்ந்து சாப்பிடவே அனுமதி இல்லாத நேரம். எல்லாரும் வீட்டில்தான். சாக்காவின் பெனால்டி தடுக்கப்பட்டபோது கத்த முடியாமல் தலையணையைக் கடித்தவர்களை எனக்குத் தெரியும். கொண்டோ அடுக்குமாடியில் மேல்மாடிக்காரர் பாதுகாவலரைக் கூப்பிட்டுவிடுவார். விருந்தினர் காடிக்கு இடம் இருக்காது. வாங்கி வைத்த நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் ஆறு மணி நேரத்தில் ஆறிப்போயிருக்கும். இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது, 3 மணிக்கு யாராவது ஒருவர், பெரும்பாலும் வீட்டுப் பெண், அடுப்பங்கரையில் எட்டுப் பேருக்குத் தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டிருப்பதுதான். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால், அல்லது அப்பாவும் கூட உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டால், வீடு சரி. அப்போதும் தண்ணீரை நண்பர்கள் கலக்கட்டும். கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள். வீட்டில் இணையத்தில் பார்த்தால் வாட்ஸ்அப் குழு கோலை உங்களுக்கு முன்பே சொல்லிவிடும்.

திரும்பி வருவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 11 மணி ஆட்டம் முடியும்போது எல்.ஆர்.டி. ரயில் நின்றிருக்கும். எல்லாப் பாரும் ஒரே நேரத்தில் காலியாவதால் கிராப் வாடகைக் காடியின் கட்டணம் ஏறியிருக்கும். 3 மணி ஆட்டத்துக்கு இந்தக் கஷ்டம் இல்லை: முடியும்போது ஐந்து மணி, அங்கேயே பசியாறிவிட்டு ஆறு மணிக்கு முதல் ரயிலைப் பிடிக்கலாம். குடித்தவர் காடி ஓட்டக்கூடாது என்பதற்கு அறிவுரை தேவையில்லை, சட்டத்தைச் சொன்னால் போதும். 2020 அக்டோபரில் அளவை 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 50 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. பாருக்குப் போகிறீர்கள் என்றால் திரும்பும் கிராப் செலவையும் மேசைச் செலவோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். அப்போதுதான் பாரின் உண்மையான விலை தெரியும். கூட்டத்தில் குடிக்காத ஒருவர் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டால் அவருடைய சாப்பாட்டுக் காசை மற்றவர்கள் போட்டுவிட வேண்டும், இது பேச்சுக்கே இடமில்லாத விதி. இருபத்தொரு வயது ஆகாத தம்பி தங்கைகளைக் கூட்டிவந்தால் பார் என்ற யோசனையையே விட்டுவிடுங்கள். 2017-இல் குடிப்பதற்கான வயது 18-லிருந்து 21-ஆக உயர்ந்துவிட்டது.

மலேசியாவே இறுதியாட்டத்தில் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. 2010 டிசம்பரில் கே. ராஜகோபால் பயிற்சியளித்த அணி, தென்கிழக்காசியக் கிண்ண இறுதியில் புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று வென்று, ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்று, மொத்தத்தில் 4-2 என்று கிண்ணத்தைத் தூக்கியது. சாஃபி சாலி இரண்டு ஆட்டங்களிலும் கோல் போட்டார். அன்று பாரில் இருந்தவர்கள்கூட எழுந்து மாமாக் கடைக்கு வந்தார்கள், ஏனென்றால் கூட்டம் அங்கே இருந்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லாரும் ஒரே பக்கத்துக்குக் கத்திய அரிய ஆட்டம். அதற்குப் பரிசாக அரசாங்கம் டிசம்பர் 31-ஐப் பொது விடுமுறையாக அறிவித்தது.

மற்ற இறுதியாட்டங்களுக்கு அப்படி யாரும் விடுமுறை தரப்போவதில்லை. ஆகவே 3 மணி ஆட்டத்துக்கு மாமாக் கடை என்று முடிவு செய்தவர்கள், ஞாயிறு எட்டு மணிக்கே படுத்து இரண்டு மணிக்கு எழுந்திருங்கள், திங்களுக்கு லீவ் விண்ணப்பத்தை முந்தின வாரமே போட்டுவிடுங்கள். காலையில் கிளினிக்குக்குப் போய் எம்.சி. (மருத்துவச் சான்றிதழ்) எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மேலாளருக்குக் காரணம் தெரியும். அவரும் எங்காவது முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருப்பார்.